பிரிட்டன் சட்டத்தில் ‘பெண்’ யார்? 2025 தீர்ப்பும் அதன் பிறகான வேலையும்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2018-இல் ஒரு சின்னச் சட்டம் போட்டது. அரசு வாரியங்களில் அன்றாட நிர்வாகப் பொறுப்பில் இல்லாத உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. சண்டைக்கு இடம் தரும் விஷயமாகத் தெரியவில்லைதான். ஆனால் ‘பெண்’ என்றால் யார் என்று அந்தச் சட்டம் தானே ஒரு விளக்கம் எழுதி, பெண்ணாக வாழும் திருநங்கையரையும் அதில் சேர்த்தது. அங்கே தொடங்கிய வழக்கு, 2025 ஏப்ரல் 16 அன்று லண்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் போய் முடிந்தது.

வழக்குத் தொடுத்தது ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற அமைப்பு. அதுவும் 2018-இல் தொடங்கப்பட்டதுதான். முதல் சுற்றில், 2022 பிப்ரவரியில், அவர்கள் ஜெயித்தார்கள்: அப்படியொரு விளக்கம் எழுத ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் இல்லை என்றது எடின்பரோ நீதிமன்றம். அரசு வழிகாட்டலை மாற்றி எழுதியது. இந்த முறை, பாலின அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்கும் திருநங்கையர் மட்டும் பெண்கள் கணக்கில் வருவார்கள் என்றது. அதையும் எதிர்த்து வழக்கு. 2022 டிசம்பரிலும் 2023 நவம்பரிலும் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

மேலே போகுமுன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் செய்தித்தாள்கள் எல்லாவற்றுக்கும் ‘பாலினம்’ என்றே எழுதிவிடுகின்றன. இந்த வழக்கே பால், பாலினம் என்ற வேறுபாட்டில்தான் நிற்கிறது. உடல் சார்ந்ததைப் ‘பால்’ என்றும், ஒருவர் தன்னை உணர்ந்து வாழும் அடையாளத்தைப் ‘பாலினம்’ என்றும் இங்கே பிரித்து எழுதுகிறேன். ஆண்பால், பெண்பால் என்று இலக்கணத்திலேயே சொல் வைத்திருக்கும் நமக்கு இது கஷ்டமாக இருக்கக் கூடாது.

சம்பந்தப்பட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று, 2004-இன் பாலின அங்கீகாரச் சட்டம். பாலினம் மாறியவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லாதது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-இல் சொன்னதால் வந்தது அது. 18 வயது நிரம்பியவர், மருத்துவர் தந்த பாலின ஒவ்வாமை (பிறந்த பாலோடு மனம் ஒட்டாத நிலை) அறிக்கை, இரண்டு ஆண்டு அந்தப் பாலினத்தில் வாழ்ந்த சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு ‘எல்லாக் காரியங்களுக்கும்’ புதிய பாலினமே செல்லும் என்கிறது 9-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு, வேறு சட்டம் வேறு மாதிரி சொன்னால் அதற்குக் கட்டுப்பட்டது என்றும் சொல்கிறது. இரண்டாவது, 2010-இன் சமத்துவச் சட்டம். வயது, இனம், மதம், மாற்றுத்திறன் என்று ஒன்பது தன்மைகளின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஒன்பதில் ‘பால்’ ஒன்று, ‘பாலின மாற்றம்’ இன்னொன்று. இரண்டும் தனித்தனி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி இதுதான்: 2010 சட்டம் ‘பெண்’ என்று சொல்லும்போது, சான்றிதழ் பெற்ற திருநங்கையும் அதில் அடக்கமா? இல்லை என்றது நீதிமன்றம். அந்தச் சட்டத்தில் ஆண், பெண், பால் ஆகிய சொற்கள் உயிரியல் பாலையே குறிக்கும்.

88 பக்கத் தீர்ப்பில் பெண் என்பவள் யார் என்ற தத்துவ விசாரணையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். ஒரே சட்டத்தில் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் பொருள் மாற முடியாது என்ற வக்கீல் வாதம்தான் அது முழுக்க. கர்ப்பம், மகப்பேறு பற்றிய பிரிவுகளில் ‘பெண்’ என்ற சொல் வருகிறது. சான்றிதழ் பெற்ற ஒரு திருநம்பி கருவுற்றால்? சான்றிதழ்தான் கணக்கு என்றால் அவர் சட்டப்படி ஆண். கர்ப்பிணிக்குரிய பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. அப்படி ஒரு விளைவை எந்த நாடாளுமன்றமும் நினைத்திருக்காது. பெண்களை விரும்பும் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்வதற்கும் இதே சிக்கல்: சான்றிதழ் பெற்ற திருநங்கையரை அவர்கள் விலக்க முடியாது. அப்புறம், சான்றிதழ் ரகசிய ஆவணம். அதைக் காட்டு என்று வாசலில் கேட்க முடியாது. சான்றிதழ் உள்ளவர், இல்லாதவர் என்று பார்த்துப் பிரிக்கவே முடியாத ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எந்த நிறுவனம் விதி எழுதும்? எனக்கு இந்தக் கடைசி வாதமே மிக வலுவானதாகப் படுகிறது.

ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக இதை வாசிக்க வேண்டாம் என்று தீர்ப்பைச் சுருக்கி வாசித்த ஹாட்ஜ் பிரபு கேட்டுக்கொண்டார். வெளியே ஷாம்பெய்ன் உடைந்துகொண்டிருந்தது.

திருநர் எதை இழந்தார்கள், எதை இழக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘பாலின மாற்றம்’ என்ற தன்மைக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. அதற்குச் சான்றிதழோ அறுவை சிகிச்சையோ தேவையில்லை. மாறும் எண்ணத்தோடு இருந்தாலே போதும். திருநங்கை என்பதால் வேலை மறுத்தால், வீடு மறுத்தால், கேலி செய்தால் அது சட்டமீறலே. பெண் என்று நினைத்து ஒருவர் திருநங்கையைப் பாகுபடுத்தினால், அந்த நினைப்பின் பேரிலேயே பால் பாகுபாட்டு வழக்குத் தொடுக்கலாம். அதே நேரம், இந்த வழக்கில் திருநர் யாருடைய குரலும் நேரடியாகக் கேட்கப்படவில்லை என்ற குறை நியாயமானது. திருநங்கையான முன்னாள் நீதிபதி விக்டோரியா மெக்லவுட் தன்னையும் கேட்கும்படி விண்ணப்பித்தார், அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தின் வாதத்தை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி முன்வைத்தது.

நம் வாசகர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு மூன்றாம் பாலினத்தையும், தன் அடையாளத்தைத் தானே சொல்லும் உரிமையையும் ஏற்றது. அது அரசியல் சாசனத்தை வைத்து வந்த தீர்ப்பு. இது ஒரு சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன தீர்ப்பு. ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது.

சரி, பெண்களுக்கு என்ன கிடைத்தது?

பிரசாரகர்கள் ‘பால் சார்ந்த உரிமைகள்’ என்று சொல்கிறார்கள். அந்தத் தலைப்பில் சட்டத்தில் அத்தியாயம் எதுவும் கிடையாது. இருப்பவை பாகுபாட்டுத் தடைகளும் விதிவிலக்குகளும்தான். பெண்களுக்கு மட்டும் என்று ஒரு சேவை நடத்துவது, பார்த்தால், ஆண்களுக்கு எதிரான பாகுபாடு. அதைச் சட்டம் மூன்றாம் அட்டவணையில் சில சூழல்களில் மன்னிக்கிறது: மருத்துவமனைப் பிரிவு, உடல் தொடும் சேவை, ஒரே நேரத்தில் பலர் உடைமாற்றும் இடம், சேர்த்து நடத்தினால் பயன் குறையும் வன்முறை ஆலோசனை போன்றவை. அதிலும் நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும். வழி அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்.

அதாவது இது முதலில் நடத்துபவருக்குக் கொடுத்த அனுமதி. ஒரு பெண் போய் ‘எனக்கு இதைத் திற’ என்று நேரடியாகக் கேட்கும் உரிமை அல்ல. தீர்ப்பைக் கொண்டாடியவர்களும் திட்டியவர்களும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால்தான் தீர்ப்புக்குப் பிறகும் பிரசாரம் ஓயவில்லை. பெண்களுக்கான அடைக்கல இல்லம் நடத்துபவர் அந்த விதிவிலக்கைப் பயன்படுத்தினால்தான் அது இருக்கிறது என்று பொருள்.

வேலையிடம் கொஞ்சம் வேறு. 1992-ஆம் ஆண்டின் வேலையிட விதிகளின்படி ஆண், பெண் கழிப்பறைகள் தனித்தனியாக இருக்க வேண்டும்; உள்ளிருந்து பூட்டக்கூடிய முழு அறையாக இருந்தால் மட்டும் பிரிக்க வேண்டியதில்லை. இதில் மீறல் நடந்தால் ஒரு பெண் ஊழியர் தொல்லை என்றோ மறைமுகப் பாகுபாடு என்றோ தொழில் தீர்ப்பாயம் போகலாம். உடைமாற்றும் அறை பற்றி ஸ்காட்லாந்தின் ஃபைஃபிலும் இங்கிலாந்தின் டார்லிங்டனிலும் செவிலியர்கள் தொடுத்த வழக்குகள் இந்த வழியில் வந்தவை.

சில இடங்கள் தாமாகவே மாறின. ரயில்வே காவல்துறை தீர்ப்பு வந்த மறுநாளே, கைதானவரின் உடல் சோதனையை உயிரியல் பாலின்படி செய்வதாக அறிவித்தது. இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியமும் கால்பந்துச் சங்கமும் பெண்கள் ஆட்டத்திலிருந்து திருநங்கையரை விலக்கின. கால்பந்தில் 2025 ஜூன் 1 முதல். மற்ற பல இடங்கள் வழிகாட்டல் வரட்டும் என்று காத்திருந்தன.

அந்த வழிகாட்டல் தனிக் கதை. சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2025 ஏப்ரல் கடைசியில் ஓர் இடைக்காலக் குறிப்பை வெளியிட்டது, அக்டோபரில் எடுத்துவிட்டது. சேவை நடத்துவோர் சட்டத்தை எப்படிப் பின்பற்றுவது என்று சொல்லும் நடைமுறைக் கோவை பற்றி மே 20 முதல் ஜூன் 30 வரை கருத்துக் கேட்டு, செப்டம்பரில் அமைச்சரிடம் கொடுத்தது. அமைச்சர் ஏற்று, நாடாளுமன்றத்தில் வைத்து, 40 நாளில் எதிர்ப்புத் தீர்மானம் வராமல் இருந்தால்தான் கோவைக்கு உயிர். ஆனால் கோவை வரும்வரை சட்டம் தூங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீர்ப்பு அன்றைக்கே சட்டம்.

ஆகவே பிரசாரம் என்பது பெரும்பாலும் பதாகை பிடிப்பது அல்ல, கடிதம் எழுதுவது. பொது அமைப்பு என்றால் 149-ஆம் பிரிவு கைகொடுக்கும்: எந்தக் கொள்கை எடுத்தாலும் சட்டம் காக்கும் தன்மையினரில் யாருக்கு என்ன பாதிப்பு என்று அது உரிய கவனத்தோடு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிய ஆவணத்தைக் காட்டு என்று தகவல் கேட்கலாம். நம்மூர் தகவல் அறியும் உரிமை மனு போலத்தான். பிரிட்டனில் கெடு 20 வேலைநாள். ஆவணமே இல்லை என்ற பதில் வந்தால் அதுவே பாதி வழக்கு. கொள்கையே சட்டத்துக்கு முரண் என்றால், அதைச் சரிபார்க்கச் சொல்லி நீதிமன்ற மறுஆய்வு கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் ஃபார் விமன் ஸ்காட்லாந்து அமைப்பு ஸ்காட்லாந்து அரசின் சிறை, பள்ளி வழிகாட்டல்களை எதிர்த்து மறுபடி நீதிமன்றம் போனது இந்த வழியில்தான்.

அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. இப்படிப் பேசியதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வேலை இழந்த மாயா ஃபோர்ஸ்டேட்டரின் வழக்கில் 2021-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பால் மாறாதது என்ற நம்பிக்கையும் சட்டம் காக்கும் நம்பிக்கையே என்றது. நம்பிக்கைக்குத்தான் பாதுகாப்பு. சக ஊழியரைச் சீண்டிக்கொண்டே இருக்க அது உரிமம் தராது.

வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இது எதுவும் நேராகப் பொருந்தாது. 2010 சட்டம் அங்கே செல்லாது, அவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் தனி ஆணை இருக்கிறது. மற்றவர்கள் கெடுவைக் கவனிக்க வேண்டும். கடை, மருத்துவமனை, விடுதி போன்ற சேவை பற்றிய புகார் என்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி நீதிமன்றம், ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றம்; சம்பவம் நடந்து 6 மாதத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மனு போயிருக்க வேண்டும். வேலை பற்றியது என்றால் நெடுங்காலமாக இருந்துவந்த விதி 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்கும் முன்னால் ‘ஏகாஸ்’ அமைப்பிடம் சமரசத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.