செவிலியர்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் யாரும் "செவிலியரே" என்று கூப்பிடுவதில்லை. "சிஸ்டர், குளுக்கோஸ் தீரப் போகுது, இங்கன கொஞ்சம் வாங்க" என்பதுதான் பேச்சு. வயதானவர்களுக்கு இன்னும் 'நர்சம்மா'. செவிலியர் என்பது பெயர்ப்பலகையிலும் பத்திரிகையிலும்தான். ஆனாலும் அது நேற்றுச் செய்த சொல் இல்லை.

சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். வளர்த்த பெண் காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவளும் இவள்தான். கலித்தொகையில் எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தி, என் மகள் ஒருத்தியையும் இன்னொருத்தி மகன் ஒருவனையும் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பிள்ளை வளர்ப்புதான் அவள் வேலை. நோயாளிக்கு அதில் இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால் 'நர்ஸ்' கதையும் இதேதான். 'ஊட்டு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பாலூட்டும் தாயைத்தான் குறித்தது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'தாதி'யும் வடமொழி 'தாத்ரி', அதாவது வளர்ப்புத்தாய். நம் பக்கம் தாதி என்றால் அரண்மனைப் பணிப்பெண் வாடை அடிக்கிறது. செவிலிதான் பொருத்தம் என்பேன்.

'சிஸ்டர்' கன்னியர் மடத்து வாடையுள்ள சொல். ஆண்கள் இந்த வேலைக்கு வந்ததும் அவர்களைப் 'பிரதர்' ஆக்கிவிட்டோம்! செவிலி பெண்பால், 'செவிலியர்' என்று அர் விகுதி சேர்த்தால் மரியாதையும் வந்தது, ஆண் பெண் சிக்கலும் தீர்ந்தது.

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்டவர்களின் இடத்தில், இன்று நான்காண்டு பி.எஸ்சி. படித்துவிட்டு ஐ.சி.யு.வில் மானிட்டரையும் மருந்து ஏற்றும் பம்பையும் கவனிப்பவர்கள். 2016இல் மத்திய அரசு 'ஸ்டாஃப் நர்ஸ்' பதவிக்கு 'நர்சிங் ஆபீசர்' என்று பெயர் மாற்றியது. அதற்குத் தமிழில் 'செவிலிய அலுவலர்' என்றால் ஃபைல் பார்க்கிறவர் போலிருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை.

ஊருக்குள் வருகிற கிராம சுகாதார செவிலியர் தனி ரகம். தடுப்பூசியும் பதிவேடும் அவர் பொறுப்பு. கர்ப்பிணிக்குப் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசுக் கணக்கில் பதியும் எண், பதிந்து தருவதும் அவர்தான். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அதனால் நாள் தள்ளிப்போனதுமே வீட்டுக்காரர்கள் தேடுவது இந்த நர்சம்மாவைத்தான்.