திமிங்கலத்தின் பயத்தை எத்தனை டெசிபெல் என்று எழுதுவது?

2000ஆம் ஆண்டு மார்ச் 15 காலை. பஹாமாஸின் அபாகோ தீவில் கென் பால்கம் என்ற திமிங்கல ஆய்வாளர் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே, ஆழமில்லாத தண்ணீரில் ஒரு கூவியே அலகுத் திமிங்கலம் கிடந்தது. இந்த வகையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஒரு முறை முங்கினால் ஒரு மணி நேரம் ஆளைக் காணமுடியாது. மேலே வந்தாலும் சில நிமிடங்கள்தான். அப்படிப்பட்ட பிராணி தானாக வந்து மணலில் கிடக்கிறது. அடுத்த 36 மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள தீவுகளில் மொத்தம் 17 திமிங்கலங்களும் டால்ஃபின்களும் இப்படி ஒதுங்கிவிட்டன. பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள்.

பால்கம் ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையில், கடலடி ஒலிகளைக் கேட்டு நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்குச் சந்தேகம் வரத் தாமதமாகவில்லை. செத்தவற்றின் தலைகளை வெட்டி உறைய வைத்தார். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது காதுகளைச் சுற்றி ரத்தக்கசிவு தெரிந்தது. 2001 டிசம்பரில் கடற்படையும் அமெரிக்க அரசின் மீன்வளத் துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது: தீவுகளுக்கு இடையிலான கடற்கால்வாய் வழியாகப் போன போர்க்கப்பல்களின் சோனார்தான் (ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி) காரணமாக இருக்க வேண்டும்.

அதற்கு முன்னாலும் சட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1970இல் நடப்புக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமும் 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் கடற்படைக்கும் பொருந்தும். பயிற்சிக்கு முன்பே, 'எத்தனை உயிர்களுக்கு என்ன ஆகும்' என்று கணக்குப் போட்டுக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இன்று ஹவாய், தெற்குக் கலிஃபோர்னியா மாதிரியான பயிற்சிக் கடல்களுக்கு எழுதப்படும் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கம் போகின்றன. இன்னும் நடக்காத பயிற்சியில், கண்ணுக்கே தெரியாத விலங்குகளுக்கு வரப்போகும் பாதிப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

முதலில் சத்தம். அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மூக்கடியில் இருக்கும் பெரிய சோனார் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸில் 'பிங்' அடிக்கிறது. நம் காதுக்கே நன்றாகக் கேட்கும் சுருதி. ஒரு மீட்டர் தள்ளி அதன் அளவு 235 டெசிபெல். இந்த எண்ணை எடுத்து ராக்கெட்டோடு ஒப்பிடும் ஆர்வம் பலருக்கு உண்டு. தப்பு. தண்ணீரில் டெசிபெல்லை அளக்கும் அடிப்படை வேறு, காற்றில் அளக்கும் அடிப்படை வேறு. நீரின் எண்ணிலிருந்து சுமார் 62ஐக் கழித்தால்தான் காற்றின் எண்ணோடு பக்கத்தில் வைக்கலாம். கழித்த பிறகும் 173 மிஞ்சுகிறது. அது கொஞ்சநஞ்சமில்லை.

சத்தம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிப் பரவினால் கணக்கு சுலபம். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபெல் குறையும். ஒரு கிலோமீட்டரில் 175. ஆனால் கடல் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒலி எங்கே மெதுவாகப் போகுமோ அந்தப் பக்கம் வளையும். மேல்மட்ட நீரைக் காற்று கலக்கி ஒரே வெப்பநிலையில் வைத்திருந்தால், ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் ஒலியின் வேகம் கொஞ்சம் கூடும். ஒலி மேல்நோக்கி வளைந்து, நீர்ப்பரப்பில் மோதி, இறங்கி, மறுபடி வளைந்து, குழாய்க்குள் போவது போல வெகுதூரம் ஓடும். பஹாமாஸில் அன்றைக்கு இந்தக் 'குழாய்' இருந்தது. கூடவே தப்பிக்க வழி குறைந்த கால்வாய், ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள், மணிக்கணக்கில் சோனார். அதனால்தான் மதிப்பீடு செய்கிறவர்கள் மாதவாரியாக நீரின் வெப்பநிலை, உப்பு, கடல்தரையின் வடிவம் எல்லாவற்றையும் கணினிக்குள் ஊட்டுகிறார்கள்.

அடுத்து காது. சான் டியாகோவில் கடற்படை வளர்க்கும் டால்ஃபின்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: ஒலி கேட்டால் சீழ்க்கையடி, கேட்காவிட்டால் சும்மா இரு. ஒலியைப் படிப்படியாகக் குறைத்து எதுவரை கேட்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பலத்த ஒலி ஒன்றைக் கேட்கவைத்து, உடனே பழைய சோதனையைத் திரும்பச் செய்வார்கள். கேட்கும் எல்லை 6 டெசிபெல் நகர்ந்திருந்தால் அது தற்காலிகக் காதடைப்பு. தீபாவளி வெடிக்குப் பிறகு நமக்கு 'ஙொய்' என்று அடைக்குமே, கிட்டத்தட்ட அதுதான். நிரந்தரச் செவிட்டை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தற்காலிக எல்லைக்கு மேல் 20 டெசிபெல் கூட்டி ஊகிக்கிறார்கள்.

இப்படி அளந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய விலங்குகளைத்தான். அலகுத் திமிங்கலத்தைத் தொட்டியில் வைத்து வளர்த்தவர் எவரும் இல்லை. வீட்டுப் பூனையைச் சோதித்துவிட்டுப் புலிக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றும். வேறு வழியும் இல்லை.

சரி, காது அடைத்தால் திமிங்கலம் ஏன் கரைக்கு வர வேண்டும்? இதற்கு வேறொரு தடயம் 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் கிடைத்தது. நேட்டோ பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. உடலை அறுத்துப் பார்த்தபோது ரத்தக்குழாய்களில் வாயுக் குமிழிகள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் மனித முக்குளிப்பாளர்களுக்கு வருவது போன்ற கேடு. ஆக, ஒலி நேரடியாகக் கொன்றதைவிட, ஒலி கேட்டு மிரண்டு, முங்கும் முறையைக் குலைத்துக்கொண்டதால் செத்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி சோனாரைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கிய சம்பவம் நடக்கவில்லை.

அப்படியானால் அளக்க வேண்டியது பயத்தை. அதற்குப் பஹாமாஸிலேயே ஒரு வசதி இருந்தது. ஆண்ட்ரோஸ் தீவின் அருகே, 'பெருங்கடலின் நாக்கு' என்ற ஆழமான பள்ளத்தில் கடற்படையின் சோதனைத் தளம் ஒன்று உண்டு. நீர்மூழ்கிகளைக் கேட்பதற்காகக் கடல்தரையில் ஹைட்ரோபோன்களை, அதாவது நீரடி மைக்குகளை, பரப்பி வைத்திருக்கிறார்கள். அலகுத் திமிங்கலங்கள் ஆழத்தில் இரை தேடும்போது 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பும். அந்த ஒலியும் அதே கருவியில் விழுகிறது. பயிற்சி தொடங்கியதும் தளத்தின் நடுவே டிக்டிக் அடங்கிப்போனது. ஓரங்களில் மட்டும் கேட்டது. பயிற்சி முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பழையபடி உள்ளே வந்தன. உறிஞ்சுகுப்பியால் முதுகில் ஒட்டும் பதிவுக்கருவியோடு செய்த சோதனைகளும் இதையே சொல்லின. தெற்குக் கலிஃபோர்னியாவில் சோனாரைப் போன்ற ஒலியைக் கேட்கவைத்தபோது, ஒரு கூவியே திமிங்கலம் 127 டெசிபெல்லுக்கும் குறைவான அளவிலேயே இரை தேடுவதை விட்டுவிட்டு விலகிப் போனது. காது கெடும் எல்லைக்கு வெகு கீழே.

இவ்வளவும் சேர்ந்த பிறகு வருவது கணினிப் பயிற்சி. விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் எண்ணிய கணக்கை வைத்து, திரையில் உள்ள கடலில் பொய்த் திமிங்கலங்களைத் தூவுகிறார்கள். ஒவ்வொன்றும் அதன் இனத்துக்கேற்ப முங்கி எழும். பொய்க் கப்பல் பிங் அடித்துக்கொண்டே நடுவே போகும். எந்தத் திமிங்கலம் எவ்வளவு ஒலி வாங்கியது என்று பதிவாகும். பல தடவை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். அதனால்தான் ஒரு பயிற்சிக்கு அரைத் திமிங்கலம், கால் திமிங்கலம் என்றெல்லாம் விடை வரும். வருஷத்துக்கும் கூட்டினால் எண் பெரிதாகிவிடும். 2013இல் தொடங்கிய ஐந்தாண்டு அனுமதியில் ஹவாய், தெற்குக் கலிஃபோர்னியா இரண்டுக்கும் சேர்த்து வந்த தொகை ஏறக்குறைய 96 லட்சம். இது விலங்குகளின் எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது; தொந்தரவுகளின் எண்ணிக்கை. ஒரே டால்ஃபின் நூறு தடவை தொந்தரவுபட்டால் நூறு. பெரும்பகுதி தற்காலிகமாக விலகிப் போவது மாதிரியானவை. ஆனாலும் 2015இல் ஹவாயின் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த அனுமதி செல்லாது என்றது. பிறகு வந்த சமரசத்தில், சில முக்கியமான வாழிடங்களில் பயிற்சியைக் கட்டுப்படுத்தக் கடற்படை ஒப்புக்கொண்டது.

நீதிமன்றம் எப்போதும் திமிங்கலத்தின் பக்கம் நின்றதில்லை. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2,200 கஜத்துக்குள் கடல் பாலூட்டி தெரிந்தால் சோனாரை நிறுத்துவது, நான் மேலே சொன்ன அந்த 'ஒலிக்குழாய்' உருவான நாளில் சக்தியைக் குறைப்பது என்ற இரண்டு நிபந்தனைகளையும் கடற்படை எதிர்த்து வென்றது. பயிற்சி பெறாத மாலுமி எதிரி நீர்மூழ்கியைக் கோட்டைவிட்டால் ஒரு கப்பலே போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

இப்போதுள்ள நடைமுறையில் மேல்தளத்தில் பைனாகுலரோடு ஆள் நிற்பார். திமிங்கலம் 1,000 கஜத்தில் தெரிந்தால் சோனார் 6 டெசிபெல் குறையும், 500 கஜத்தில் இன்னும் 4 குறையும், 200 கஜத்தில் நிற்கும். ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் இருக்கிற பிராணிக்கு இந்தக் காவல் எவ்வளவு உதவும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்தும் தப்பாத கதை உண்டு. 2011 மார்ச்சில் சான் டியாகோ கரையோரம் நீரடி வெடிப் பயிற்சி. தாமதத் திரி வைத்து விட்டார்கள். வெடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டால்ஃபின் கூட்டம் ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. திரியை அணைக்க வழியில்லை. மனிதரை உள்ளே அனுப்பினால் அவருக்கே ஆபத்து. படகுகளை வைத்துக் கூட்டத்தைத் திருப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. குறைந்தது மூன்று டால்ஃபின்கள் செத்தன. அப்புறம்தான் திரியின் நேரத்துக்குள் டால்ஃபின் எவ்வளவு தூரம் நீந்தும் என்பதையும் பாதுகாப்பு வட்டத்தின் கணக்கில் சேர்த்தார்கள்.

இலக்காக மூழ்கடிக்கப்படும் பழைய கப்பல்கள், கடல்தரையில் கிடக்கும் ஒயர், சிறு பாராசூட், உலோகத் துண்டுகள் ஆகியவற்றுக்கும் அறிக்கையில் அத்தியாயங்கள் உண்டு. கப்பலை மூழ்கடிக்கக் கரையிலிருந்து 50 கடல்மைலும் 6,000 அடி ஆழமும் வேண்டும் என்பது விதி. இதெல்லாம் ஒப்பிட்டால் எளிய கணக்கு.

கடினமானது, விட்டுப்போன சாப்பாட்டின் கணக்கு. இரண்டு மூன்று நாள் இரை தேடும் இடத்தை விட்டு ஓடிய தாய்க்குப் பால் சுரக்குமா, குட்டி பிழைக்குமா என்பதை டெசிபெல் சொல்லாது. பஹாமாஸில் முதுகுத்துடுப்பின் தழும்புகளைப் படமெடுத்து ஒவ்வொரு அலகுத் திமிங்கலத்தையும் அடையாளம் வைத்துப் பல வருஷமாகப் பின்தொடர்கிறார்கள். கடற்படைத் தளத்தில் வாழும் கூட்டத்தையும், பால்கம் வீட்டுப் பக்கத்து அபாகோ கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, தளத்துக் கூட்டத்தில் பெண் திமிங்கலங்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் குட்டிகள் குறைவாக இருந்தன.