ஆய்வை எங்கே மாட்டுவது?

கப்பலூர்ப் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு தாளை நீட்டினார். புதிதாக வாங்கிய மீட்டரோடு வந்த தமிழ் விளக்கத் தாள். "வெளியேற்ற வெப்பநிலை ஆய்வைப் பன்மடங்கில் நிறுவவும்" என்று போட்டிருந்தது.

"அண்ணே, ஆய்வு பண்றது தெரியும். ஆய்வை ஓட்டை போட்டு மாட்டுறது எப்படிண்ணே? பன்மடங்குன்னா எத்தனை மடங்கு?"

கிண்டல்தான். ஆனால் இந்த 'ஆய்வு' என் கண்ணில் படுவது இது முதல் தடவை இல்லை. மீன் தொட்டி ஹீட்டர் வாங்கினாலும் ஆய்வு, காய்ச்சல் பார்க்கும் கருவி வாங்கினாலும் ஆய்வு. ஆங்கிலத்தில் ப்ரோப் (probe) என்று எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆய்வு.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினிலிருந்து வரும் புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க, புகை போகும் வழியில் செருகும் பென்சில் கனம்கூட இல்லாத ஒரு உலோகக் கம்பி. அதற்குள் இரண்டு வேறு உலோகக் கலவைக் கம்பிகளை நுனியில் இணைத்திருப்பார்கள். நுனி சூடேறினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டது இது. பாடப்புத்தகத்தில் வெப்ப மின்னிரட்டை.

ப்ரோப் என்ற சொல், சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் புண்ணின் ஆழம் பார்க்க வைத்தியர் உள்ளே விடும் மெல்லிய கம்பி. விசாரணை, ஆய்வு என்ற பொருளெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. தாளில் 'வெளியேற்றம்' ஆன எக்ஸாஸ்ட் என்பதன் வேருக்கு 'வெளியே இறைத்தல்' என்று பொருள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோமே அந்த இறைப்பு. வேர் ஆராய்ச்சி இது போதும்.

ஆய்வு தப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சண்டை அதற்கு மாற்றாக வருகிற சொற்களோடுதான். சிலர் 'ஆய்வி' என்கிறார்கள். கருவிக்கு இகர விகுதி போட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஒரு வியாதி போல இருக்கிறது. 'துழாவி' என்பவர்களும் உண்டு. துழாவுவது என்றால் அங்கும் இங்கும் அலைவது, கூழைக் கிண்டுவது. இந்தக் கம்பி அசையவே கூடாது. அசைந்தால் மரை தளர்ந்து புகை கசியும். 'சலாகை' பழைய சொல், பொருளும் கச்சிதம், வைத்தியர் புண்ணில் விட்ட கம்பியேதான். ஆனால் பட்டறையில் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. தனித்தமிழ் அன்பர்களோ வடசொல் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கனமான எதிரி 'உணரி'. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது, நல்ல சொல்தான், சென்சாருக்குப் பொருந்துகிறது. ப்ரோபுக்கும் அதையே போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. உணரி எட்ட நின்றும் உணரும். கையை நீட்டினால் தண்ணீர் கொட்டும் குழாயில் இருப்பது உணரி, ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துவது உணரி. ப்ரோப் உள்ளே போயாக வேண்டும். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு, கம்பெனியே மாசு வடிகட்டியைச் சுற்றி வெப்ப உணரிகளை வைத்து அனுப்புகிறது. அவை வடிகட்டியின் வேலைக்காகக் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்பவை. எஞ்சினைக் காப்பாற்ற ஓட்டுநர் கண்முன் மீட்டர் வைக்கிறவர் தேடுவது வேறு இடம், வேறு சாமான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

என் சொல் மதுரைக் கீழமாசி வீதியில் கிடைத்தது. மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டையைப் பிரிக்காமலே, ஒரு கூரான குழிந்த கம்பியைச் சாக்கில் குத்தி இழுப்பார்கள். அதன் பள்ளத்தில் நாலு அரிசி வரும். அதைக் கையில் கொட்டி, ஒன்றை வாயில் போட்டுக் கடித்து விலை பேசுவார்கள். குத்தூசி. வெளியே நின்றபடி உள்ளே இருப்பதை அறிய உள்ளே விடும் கம்பி. இதைவிட ப்ரோபுக்கு என்ன வேண்டும்? ஆகவே புகைச்சூட்டு ஊசி, சுருக்கமாகப் புகையூசி. 'வெளியேற்ற வெப்பநிலை' எல்லாம் வேண்டாம். டீசல் லாரியில் வெளியே வருவது புகை என்று சிறுபிள்ளைக்கும் தெரியும்.

ஊசி என்று சொன்னால் எங்கே குத்துவது என்ற கேள்வி தானாக வரும். மூட்டையின் ஓரத்தில் குத்தினால் ஓரத்து அரிசிதான் வரும். புகையூசியைக் குத்த வேண்டிய இடம் மேனிஃபோல்டு, தாளில் 'பன்மடங்கு' ஆனது அதுதான். சிலிண்டர்களின் புகை ஒன்றுசேர்ந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குள் நுழையுமுன் உள்ள இடம், நுனி ஓட்டத்தின் நடுவில் நிற்கும்படி. டர்போவைத் தாண்டிய குழாயில் மாட்டுவது சுலபம், ஊசி ஒடிந்தாலும் டர்போவின் சக்கரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் டர்போ புகையின் சக்தியை எடுத்துக்கொண்டுதான் சுழல்கிறது, அதனால் அங்கே சூடு குறைந்துவிடும். லோடோடு ஏறும்போது 100 டிகிரிக்கு மேலேயே குறையலாம், அதுவும் நிலையான வித்தியாசம் இல்லை. குமுளி மலையில் ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும் வண்டியில் மீட்டர் 550 காட்டினால் ஓட்டுநர் நிம்மதியாக இருப்பார். டர்போவுக்கு முன்னால் 700ஐத் தொட்டிருக்கும். பல எஞ்சின்களுக்குத் தொடர்ந்து தாங்காத சூடு அது. பிஸ்டனோ அலுமினியக் கலவை, தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும்.

மேனிஃபோல்டுக்குக் 'கூட்டுக்குழாய்' என்று நான் சொல்வேன். ஒப்பாவிட்டால் மேனிஃபோல்டே இருக்கட்டும். 'பன்மடங்கு' மட்டும் வேண்டாம்.

தாளின் மறுபக்கத்தையும் தம்பி படித்துக் காட்டினார். "இரண்டு ஈயங்களையும் மீட்டரில் இணைக்கவும்." ஒயருக்கும் ஈயத்துக்கும் ஆங்கிலத்தில் lead என்றே எழுதுவார்கள், ஒயரைத்தான் ஈயம் ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே, "துளையிட்ட பின் நன்றாகத் தட்டவும்." டேப் (tap) என்ற மரை வெட்டும் கருவியை வைத்து மரை போடச் சொல்லும் வரி அது. பிசிறு டர்போவுக்குள் போகாமல் இருக்க டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டு நிதானமாகச் செய்கிற வேலை. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. பட்டறைப் பையன் சுத்தியலை எடுத்துவிட்டானாம்.