கிருமியே இல்லாம மூட்டு ஏன் இப்படி வீங்குது?

ராத்திரி நல்லா தூங்கினவங்களுக்கு விடியக்காலைல கால் பெருவிரல் மூட்டு செக்கச்செவேல்னு வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போற மாதிரி வலிக்கும், அதான் கவுட். நிறைய பேர் தாங்களாவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டுதான் என்கிட்ட வர்றாங்க. சிவப்பும் சூடும் இருந்தா கிருமின்னு தோணுறது இயல்புதான், ஆனா கவுட்ல கிருமி இல்ல.

உடம்புல தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் சாகுது, நமக்குத் தெரியறதே இல்ல. ஏன்னா அப்பாப்டோசிஸ்னு சொல்ற அமைதியான சாவுல செல் சுருங்கி துண்டாகும், பக்கத்து செல்கள் அதை விழுங்கிடும், எதுவும் வெளிய சிந்தாது. பைராப்டோசிஸ்னு இன்னொரு வகை சாவு அப்படி இல்லைங்க. செல்லுக்குள்ள கிருமி வந்தா இன்ஃப்ளமசோம்னு ஒரு அலாரம் அடிக்கும், அது காஸ்பேஸ்-1 என்சைமை எழுப்பிவிடும், அந்த என்சைம் காஸ்டெர்மின்-டி புரதத்தை வெட்டும், வெட்டுப்பட்ட துண்டுகள் செல் சவ்வுல ஓட்டை போடும் (இது தெளிவானது 2015லதான்), அதுவழியா இன்டர்லூகின்-1 பீட்டாங்கற சிக்னல் புரதம் வெளிய கொட்டும், செல்லும் ஊதி வெடிச்சிடும். காய்ச்சல், வீக்கம், வலி எல்லாத்தையும் கிளப்பிவிடறது இந்த இன்டர்லூகின்தான்.

கவுட்ல ரத்தத்துல இருக்கற யூரிக் ஆசிட் கூடி மூட்டுல கிறிஸ்டலா படியும், அந்த கிறிஸ்டலும் இதே அலாரத்தைத் தட்டுதுன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க. கிருமியைக் கொல்ற மருந்து இங்க என்ன பண்ணும்? கோல்சிசின் மாதிரி அழற்சியை அடக்கற மருந்துதான் கேக்கும். வலி உச்சத்துல இருக்கறப்ப யூரிக் ஆசிட் டெஸ்ட் நார்மலா கூட வரலாம், அதை வெச்சு கவுட் இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஆனா நடுக்கத்தோட காய்ச்சல் இருந்தா நிஜமாவே மூட்டுல கிருமி இருக்கலாம், அது எமர்ஜென்சி, மூட்டு நீரை எடுத்துப் பாத்தே ஆகணும்.

அப்போ இந்த அழற்சியை மொத்தமா அணைச்சிடலாமேன்னு கேப்பாங்க. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கற கனகினுமாப் ஊசியை மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேல வெச்சு நடத்தின ஆய்வு 2017ல வந்துச்சு, மறுபடி மாரடைப்பு வர்றது குறைஞ்சது, கூடவே தொற்றால சாகறது கொஞ்சம் கூடுச்சு. ஸ்டீராய்டும் அழற்சியை அடக்கற மருந்துதான், அதனாலதான் அதை நீங்களா வாங்கிப் போடாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

இன்னொண்ணு, யூரிக் ஆசிட்டைக் குறைக்கற அலோபுரினால் மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில மாசம் வலி திரும்ப வரலாம், பழைய கிறிஸ்டல் கரையறப்ப அப்படி ஆகும், பயந்து நிறுத்தாதீங்க. அதுக்குத்தான் கூடவே குறைஞ்ச டோஸ்ல கோல்சிசின் எழுதறோம், ரத்தத்துல யூரிக் ஆசிட் 6 mg/dLக்கு கீழ வந்து அங்கயே நிக்கணும்.