ஆடு ஏன் வானம் பார்த்தது?

வைகாசிச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் காலை, பெரியம்மாவின் ஆடு கொட்டில் மூலையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜமுனாபாரிக் கலப்பு, தொங்கு காது. பால் கறக்கும் செம்பைக் கண்டாலே முந்தியடித்து வருகிற ஆடு அது. அன்றைக்குத் தவிட்டு வாளியை மூக்குக்கு நேரே ஆட்டியும் அசையவில்லை. கொஞ்சம் தள்ளிவிட்டால் நேரே போய்த் தூணில் முட்டிக்கொண்டது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் இப்படி ஏதும் நடந்தால் முதலில் வாயில் வருவது ‘கண்ணூறு’. அடுத்த வீட்டு மாமி அதற்கும் மேலே போய், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைக்கிறவர்கள் என்று மட்டக்களப்பாருக்கு ஊரெல்லாம் பேர். ஆட்டை மட்டும் விட்டுவைப்போமா?

மிருக வைத்தியர் வந்ததும் கேட்ட முதற் கேள்வி, “இந்த ஒரு கிழமையா என்ன திண்டது?”

பெரியம்மா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “கோயிலில மிஞ்சின சோறு. வீணாப் போகுதே எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு வாளி வைச்சன்.”

ஆட்டின் குணம் திடீரென்று மாறினால் நாம் தலையைப் பார்க்கிறோம், வைத்தியர் வயிற்றைப் பார்க்கிறார். காரணம் இருக்கிறது. ஆடு தின்பதை ஆடு நேரடியாகச் செரிப்பதில்லை. அதன் பெரிய இரைப்பைக்குள் கோடானுகோடி நுண்ணங்கிகள் குடியிருக்கின்றன. இலை தழையிலுள்ள நாரை அவைதான் உடைக்கின்றன. அப்படி உடைக்கும்போது உண்டாகும் அமிலங்களே ஆட்டுக்குச் சக்தி. போதாததற்கு, ஆட்டுக்குத் தேவையான விற்றமின் பி1, அதாவது தயமினையும் அவையே செய்து கொடுக்கின்றன.

பூவரசங் குழையும் சீமைக்கிளுவையும் தின்று பழகிய வயிற்றுக்குள் ஒரு வாளி சோறு விழுந்தால் என்ன ஆகும்? மாச்சத்தை வேகமாகத் தின்று பெருகும் பற்றீரியாக்கள் கொண்டாட்டம் போடும். அவை கக்கும் இலக்டிக் அமிலத்தால், 6க்கும் 7க்கும் இடையில் இருக்கவேண்டிய பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கும். நாரை உடைக்கும் கூட்டம் அந்தப் புளிப்பில் செத்து மடியும். ஒரேயடியாக நிறையத் தின்ற ஆடு வயிறு உப்பி, கழிந்து, ஓரிரு நாளிலேயே விழுந்துவிடும். பெரியம்மாவின் ஆட்டைப்போலப் பல நாளாகப் பிரித்துத் தின்ற ஆட்டுக்கு வேறு விதமான ஆபத்து. தயமினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிற பற்றீரியாக்கள் உள்ளே தலையெடுக்கின்றன. செய்வதற்கு ஆளும் குறைவு, இருப்பதையும் யாரோ அழிக்கிறார்கள் என்ற நிலை.

மூளை குளுக்கோஸை நம்பித்தான் ஓடுகிறது. அந்தக் குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் மூளையின் மேற்படைக் கலங்கள் வீங்கத் தொடங்கும். பார்வையைப் புரிந்துகொள்ளும் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. வைத்தியர் டோர்ச் அடித்தபோது ஆட்டின் கண்மணி சரியாகவே சுருங்கியது, ஆனால் முகத்துக்கு நேரே கையை வீசினால் இமைக்கவில்லை. கண்ணில் பிழையில்லை, கண் அனுப்பும் சேதியை வாங்க மூளையில் ஆளில்லை. கழுத்துத் தசைகள் இறுகித் தலை பின்னால் இழுபடுவதைத்தான் நாங்கள் வானம் பார்ப்பது என்று நினைத்திருந்தோம்.

எல்லாக் குணமாற்றமும் இப்படிப் பயங்கரமானது அல்ல. நேற்றுவரை சாதுவாய் நின்ற மறி ஆடு இரவெல்லாம் கத்தி, வாலை ஆட்டி, தீனியைத் தள்ளிவிட்டு, பாலையும் குறைத்தால் முதலில் கலண்டரைப் பாருங்கள். ஏறத்தாழ 21 நாளுக்கு முன்பும் இதே கூத்து நடந்திருந்தால் அது கிடாய்க்கு அலைகிறது, அவ்வளவுதான். ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் ஏறி இறங்கும்வரை, ஒன்றிரண்டு நாளைக்கு, அயலாரின் நித்திரை போகும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் பருவத்தில்தான் ஆடுகள் இணையும். இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லாததால் எந்த மாதத்திலும் இது வரலாம். கிடாயின் மணமும் இதைத் தூண்டும். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாயின் தலை மயிரிலிருந்து 4-எதில்ஒக்டனல் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஓமோன்களை ஆளும் இடத்தையே தட்டி எழுப்புவதைக் காட்டினார்கள். தனியாக முகர்ந்தால் அது தோடம்பழ மணம் மாதிரி இருக்குமாம். கிடாய்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நம்பமாட்டார்கள்.

சத்தம் போடும் ஆட்டைவிடச் சத்தம் அடங்கிய ஆடுதான் என்னைப் பயமுறுத்தும். சினை ஐந்து மாதம், அதில் கடைசி ஆறு கிழமையில், அதுவும் இரட்டைக் குட்டி சுமப்பது ஒதுங்கிப் படுத்தால், குட்டிகள் குளுக்கோஸை உறிஞ்ச, தாய் தன் கொழுப்பைக் கரைத்துத் தவிக்கிறது என்று சந்தேகிக்கலாம். மூச்சில் ஒரு இனிப்பு வாடை வரும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஆடு நன்றாகத் தின்னும், கண்ணும் தெளிவாக இருக்கும், ஆனால் பின்னங்கால் இழுபடும், அல்லது கழுத்து ஒரு பக்கம் சாயும். மாட்டின் வயிற்றறைக்குள் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு வாழ்கிறது, பெயர் செற்றேரியா டிஜிற்றாற்றா. மாட்டுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. நுளம்பு மாட்டைக் கடித்துவிட்டு ஆட்டைக் கடித்தால், அந்தப் புழுவின் குடம்பி ஆட்டுக்குள் போய் வழி தெரியாமல் அலைந்து முள்ளந்தண்டு நாணிலோ மூளையிலோ புகுந்துவிடும். யானைக்கால் புழுவின் உறவுக்காரன்தான் இது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று சான்றளித்தது. ஆட்டுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. மாட்டுப் பட்டியும் வயல் தண்ணீரும் பக்கத்தில் உள்ள ஊர்களில் மழைக்குப் பிறகு கொட்டிலில் மாலையில் வேப்பிலைப் புகை போடுவதும் வலை கட்டுவதும் வீண் வேலை அல்ல. நரம்பு சிதைந்த பின் மருந்து கொடுத்துப் பெரிதாகப் பயனில்லை.

எச்சில் வடிய, குரல் கரகரத்து, கண்டதையெல்லாம் முட்டுகிற ஆட்டின் வாய்க்குள் மட்டும் ‘என்ன சிக்கியிருக்கு’ என்று கையை விடாதீர்கள். அண்மையில் நாய் கடித்திருந்தால் அது விசர்நோயாக இருக்கலாம். அந்த ஆட்டின் பாலையும் தொடக்கூடாது.

பெரியம்மாவின் ஆட்டுக்கு வருவோம். வைத்தியர் உடற்சூடு பார்த்தார், 39 பாகை, சரியான அளவுதான். இடப்பக்க விலாவுக்குப் பின்னாலுள்ள குழியில் கைமுட்டியை அழுத்திக் காத்திருந்தார். நல்ல ஆட்டில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இரைப்பை உருண்டு கையைத் தள்ளும். இதில் மூன்று நிமிடத்துக்கு ஒன்றுதான் வந்தது. தயமின் ஊசி போட்டார், சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் போடவேண்டும் என்றார். சோறு கிட்டவும் வரக்கூடாது, காய்ந்த புல்லும் குழையும் மட்டும். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் மூளைக் கலங்கள் செத்திருக்கும், பிறகு ஊசியால் ஆவது ஒன்றுமில்லை.

மறுநாள் பின்னேரம் தலை இறங்கியது. மூன்றாம் நாள் தூணைச் சுற்றிப் போனது. நான்காம் நாள் வைத்தியர் வந்தபோது ஆடு செம்பைத் தேடி ஓடிவந்தது, கழுத்தில் மந்திரித்த மஞ்சள் நூலோடு. அவர் நூலைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்தார்.