கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல்: மாணவிகள் புகார் அளிக்கும் முறை

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவிகளுக்கும் பெண் ஊழியர்களுக்கும் நேரும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. வகுப்பறையில் மட்டுமன்றி, விடுதி, கல்லூரிப் பேருந்து, கல்விச் சுற்றுலா, களப்பணி, கலைவிழா ஆகிய இடங்களில் நடப்பதற்கும் இவை பொருந்தும்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் அதன் தலைவராகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும் இருப்பர். மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மாணவப் பிரதிநிதிகளும் அமர்வார்கள். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் உறுப்பினராக முடியாது. நிர்வாகத்தின் கை உள்ளே நுழையாதிருக்க இது மிகவும் தேவையான ஏற்பாடு.

சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள், எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் உடலாலோ மனத்தாலோ தளர்ந்திருந்தால், தோழியோ உறவினரோ அவர் சார்பில் புகார் தரலாம். தேதியிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மாணவிகள் வாய் திறக்கத் தயங்குவதற்குப் பெரும்பாலும் மதிப்பெண்ணே காரணம். அக மதிப்பீடு போடுபவரும், முனைவர் பட்ட ஆய்வறிக்கையில் கையெழுத்திட வேண்டிய நெறியாளருமே எதிர்த்தரப்பாக இருக்கும்போது, அந்த அச்சம் நியாயமானது. ஆகவே, புகார் அளித்தவரின் தேர்வுகளையும் ஆய்வையும் எதிர்த்தரப்பினர் மதிப்பிடக் கூடாதென விசாரணைக் காலத்திலேயே தடைவிதிக்க விதிகள் இடம் தருகின்றன; 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாததால், இந்த இடைக்காலப் பாதுகாப்பைப் புகார் மனுவிலேயே தனிப் பத்தியாக எழுதிக் கேட்க வேண்டும்.

விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். பணம் கொடுத்துச் சமரசம் செய்வதற்கு அனுமதி இல்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. அதற்காக மாணவிமீது நடவடிக்கை எடுக்க முடியாது. குழுவின் பரிந்துரையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இக்குழுவிடம் செல்வது காவல் நிலையத்தில் புகார் அளிக்கும் உரிமையைப் பறிக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.