குழந்தை காந்தத்தை விழுங்கினால் வாழைப்பழத்தைத் தேடாதீர்கள்

பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் எங்கள் வட சென்னை வீடுகளில் முதலில் வருவது வாழைப்பழம்தான். காசு, பொத்தான் என்றால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், பழத்துக்குப் பேர். காந்தத்தை அப்படி நம்பிவிட முடியாது.

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்த கறுப்புக் காந்தத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது பொம்மைக் குண்டு, இயர்போன், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது நியோடிமியமும் இரும்பும் போரானும் சேர்ந்தது. இழுவிசை பல மடங்கு அதிகம். நியோடிமியம், அருமண் தனிமங்கள் எனப்படும் 17 உலோகங்களில் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது. 1980களில் வந்த இந்தக் காந்தம் இல்லாமல் செல்போன் இவ்வளவு மெலிந்திருக்காது. எங்கள் மருத்துவத் தொழிலும் இந்த அருமண் குடும்பத்தை நம்பித்தான் ஓடுகிறது: எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் காடோலினியம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பாஸ்பேட்டைக் குறைக்க லாந்தனம் மாத்திரை.

ஒற்றைக் காந்தம் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இரண்டு போனால்தான் ஆபத்து. ஒன்று குடலின் ஒரு மடிப்பிலும் மற்றது பக்கத்து மடிப்பிலும் நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் சிக்கிய குடல்சுவர் துணிக்கிளிப்பில் மாட்டியதுபோல் நசுங்கும். ரத்த ஓட்டம் நின்று, புண்ணாகி, ஓட்டை விழும். ஒரு காந்தமும் ஒரு ஹேர்பின்னும் போனாலும் இதே கதை.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பாட்டி, "ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர் முழுங்குச்சு, நல்லாத்தான் வெளையாடுது" என்றார். நேராக எடுத்த எக்ஸ்ரேயிலும் ஒரே வட்டம்தான். பக்கவாட்டில் எடுத்ததும் மூன்று குண்டுகள் வரிசையாக ஒட்டி நின்றன. நல்லவேளை, இரைப்பையை விட்டு இறங்கவில்லை, வாய் வழியாகக் குழாய் விடும் எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துவிட்டார்கள். கீழே இறங்கியிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டி வந்திருக்கலாம். 'நல்லா வெளையாடுது' என்பதை மட்டும் நம்பாதீர்கள்: வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல் எல்லாம் தாமதமாகத்தான் வரும். வருவதற்குள் குடல் ஓட்டையாகியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தாலே போதும், ராத்திரியானாலும் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பியும் அறுவை சிகிச்சையும் செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் பழம், பால், சோறு எதுவும் வேண்டாம். மயக்கம் கொடுக்க வெறும் வயிறு தேவை. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எத்தனை விழுங்கியது என்று தெரியாவிட்டால் 'ஒன்று' என்று சொல்லாமல் 'தெரியாது' என்றே சொல்லுங்கள். மிச்சக் குண்டுகளையும் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் எம்.ஆர்.ஐ. அறைப் பக்கம் மட்டும் வேண்டாம்.

மூக்குத்திபோல இரண்டு நாசியிலும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அங்கேயும் நடுச்சுவர் நசுங்கி ஓட்டையாகும். வீட்டில் இழுத்துப் பார்க்காமல் உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.